காய்ச்சலும் சிஆர்பி எண்ணும்

ஆசிரியருக்கு,

பெரும்போக மழை தொடங்கினால் திருகோணமலையில் காய்ச்சல்காரர் பலர் முதலில் தேடிப் போவது தனியார் ஆய்வுகூடத்தைத்தான். சிஆர்பி (உடலில் அழற்சி ஏற்படும்போது குருதியில் கூடும் ஒரு புரதம்) குறைவென்றால் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கூடினால் மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் வாங்குகிறார்கள். இரண்டும் ஆபத்து.

கிருமி தொற்றி 6 முதல் 12 மணித்தியாலம் கழிந்தே சிஆர்பி ஏறத் தொடங்கும்; உச்சத்துக்குப் போக ஏறக்குறைய 2 நாள் பிடிக்கும். காலையில் நடுக்கம் கண்டவருக்கு மத்தியானம் வந்த நல்ல றிப்போர்ட்டை நம்பி இருக்க முடியாது. மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், குருதி அழுத்தத்தின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் தடுமாற்றம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலே எண்ணுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

குருதியில் பார்க்கும் இன்னொரு குறிகாட்டியான புரோகல்சிடோனின் இன்னும் விரைவாக ஏறும். ஆனாலும் செப்சிஸுக்கான (கிருமித் தொற்றால் உடலுறுப்புகள் பழுதாகும் நிலை) 2021ஆம் ஆண்டுச் சர்வதேச வழிகாட்டி, அன்டிபயோட்டிக் மருந்தைத் தொடங்குவதற்கு அதைப் பார்க்கச் சொல்லவில்லை. நிறுத்துவதற்கே அது உதவும். உச்சத்திலிருந்து 80 வீதம் இறங்கினால், நோயாளியும் தேறியிருந்தால், நிறுத்துவதை யோசிக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களிடம் அது பெரும்பாலும் சற்றுக் கூடியே இருக்கும்.

உயிராபத்தைக் காட்டுவதில், உடல் கலங்கள் வெளியிட்டுக் குருதியில் சேரும் லாக்டேட் என்ற பொருளின் அளவு முக்கியம். லீற்றருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் 2 முதல் 4 மணித்தியாலத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். இறங்காத லாக்டேட் கெட்ட அறிகுறி. பிழை பெரும்பாலும் குருதி எடுக்கும் இடத்திலேயே நேர்கிறது. கையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னால் எண் பொய்யாக உயரும். சாதாரணக் குழாயில் கிடந்தாலும் செங்குருதிக் கலங்கள் லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சாம்பல் மூடியுள்ள புளோரைட் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, 15 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிரிப்பதே முறை.

எது கூடினாலும் என்ன கிருமி என்பதை இவை சொல்லா. கிழக்கு மாகாண வயல் சேற்றிலிருந்து மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியா நோய் வரும். சீனி வருத்தக்காரரை அது விரைவில் வீழ்த்தும். வழக்கமாகப் போடும் அன்டிபயோட்டிக்கான செப்ட்ரையக்சோன் இதற்குப் போதாது, செப்டசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே இரண்டு இடங்களில், போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் வீதம், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை) குருதி எடுக்க வேண்டும். அதற்காக மருந்தைத் தாமதிக்கவும் கூடாது. கடையில் வாங்கிய நான்கு மாத்திரை போதும், கிருமி வளராமல் போக. கோரிக்கைப் படிவத்தில் "நீரிழிவு, வயல் வேலை" என்று எழுதினால் ஆய்வுகூடமும் வளர்ந்த கிருமியை வெளியிலிருந்து கலந்தது என்று ஒதுக்கிவிடாது.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
திருகோணமலை.