எண்ணெய் ஊறிய மண்ணை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

டீசல் தொட்டியின் அடிக்குழாய் கசிந்து கறுத்துப்போன எங்கள் கொட்டகைப் பின்புறத்து மண்ணில் இப்போது புல் முளைத்திருக்கிறது. அதற்குக் காரணமான உங்கள் அனைவருக்கும் நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறோம்.

மண்ணை வாரி எங்காவது கொட்டிவிட நினைத்திருந்தோம். அப்படிச் செய்தால் நஞ்சு இடம் மாறுமே தவிர நீங்காது என்று தடுத்தவர் மண்ணியல் ஆசிரியர். எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்கள் அந்த மண்ணிலேயே இருக்கின்றன என்றும், அவற்றுக்குப் போதாமல் இருப்பவை நைட்ரஜனும் பாஸ்பரசும் காற்றும் ஈரமுமே என்றும் அவர் விளக்கிய பிறகுதான் மட்க வைக்கும் வழிக்கு வந்தோம்.

தொழுவுரம் தந்த மாடு வளர்ப்போருக்கும், காற்றோட்டத்துக்கு மரச்சீவல் தந்த பட்டறையினருக்கும் கடமைப்பட்டுள்ளோம். சீவலை அளவுக்கு மீறிச் சேர்த்தால் அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே நைட்ரஜனை எடுத்துக்கொண்டுவிடும் என்று எச்சரித்தவர்களும் பட்டறையினரே. அதை அவர்களிடமிருந்து நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வாரந்தோறும் குவியலைக் கிளறி, நடுவில் வெப்பம் 50 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறதா என்று பார்த்து, கையில் பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரத்தைக் காத்த இளைஞர்களின் உழைப்பு பெரிது. கசிவுநீர் நிலத்தில் இறங்காதபடி அடியில் விரிப்பு போட்டதும் அவர்களே.

ஆயினும் நாங்கள் மிகவும் கடன்பட்டிருப்பது, அன்று எங்களுக்குச் சினமூட்டிய பரிசோதனைக்கூடப் பெண்மணிக்குத்தான். சில வாரங்களில் வாடை நின்றதும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தோம். எளிதில் ஆவியாகும் பகுதி காற்றில் கலந்துவிட்டதால் வாடை போயிருக்கலாம், கனமான பகுதி இன்னும் மண்ணில்தான் இருக்கிறது என்று அவர் கூறினார். எருவும் சீவலும் கலந்ததால் எண்ணெயின் விகிதம் குறைந்து தெரிவதைச் சிதைவு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, கலவையின் அளவைக் கழித்து மறுபடியும் கணக்கிட்டுக் காட்டினார். ஈயம் போன்ற உலோகங்களை எந்த நுண்ணுயிரும் சிதைக்காது என்பதால் அவற்றையும் தனியே சோதித்துத் தந்தார். அவர் சொற்படி மேலும் பல மாதங்கள் காத்திருந்து, அவர் நிறைவடைந்த பின்னரே மண்ணை அதன் இடத்தில் பரப்பினோம்.

மழை இரவுகளில் குவியலைக் காத்த தார்ப்பாயை உரியவரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கிழிந்திருந்த மூலையைத் தைத்துவிட்டோம்.

நன்றியுடன்,
கொட்டகைக் குடும்பத்தினர்