ஆகஸ்ட் பதினைந்தும் ஒரு தொடை எலும்பும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் என்னிடமிருந்து உங்களுக்கு வரும் சீட்டு நான்கு வரியைத் தாண்டாது. எத்தனை மணிக்குக் கொடியேற்றம், என்ன உடுப்பு, பாயசத்துக்கு டம்ளர் மறக்க வேண்டாம், அவ்வளவுதான். இந்த வருடம் அந்தச் சீட்டு கடிதமாக நீண்டுவிட்டது. போன வாரம் பி.டி.ஏ. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏனுங்க டீச்சர், கொடியேத்தற நாளும் அதுவுமா பல்லிப் பொம்மையைத் தூக்கிட்டு ஊர்கோலம் போறாங்களாமா? காந்தி படம் எங்கீங்க போச்சு?" என்றார். அவருக்கு அங்கே நின்றபடி பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதிப் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். காந்தி படம் எங்கும் போகவில்லை. எப்போதும்போல ஊர்வலத்தின் முன்னால்தான் வரும்.

ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலுமாகப் பதினோரு பிள்ளைகளுக்கு டைனோசர் பைத்தியம் பிடித்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஊர்வலத்தில் உங்கள் வகுப்பு என்ன செய்யும் என்று ஜூலையில் கேட்டோம். மற்ற வகுப்புகள் பாரத மாதா, நேரு, ஜான்சி ராணி என்று எழுதிக்கொடுத்தன. இவர்கள் எழுதியது, "தேசியக் கொடி போர்த்திய டி. ரெக்ஸ்." நான் இரண்டு காரணம் சொல்லி மறுத்தேன். ஒன்று, கொடியை இப்படிப் பொம்மைமீது போர்த்தக் கூடாது. இரண்டு, டி. ரெக்ஸ் எலும்புகள் கிடைப்பது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில். 1905-இல் அதற்குப் பெயர் வைத்ததும் அமெரிக்காவில்தான். "நம்ம சுதந்திர தினத்துக்கு அமெரிக்கா டைனோசரா?" என்று கேட்டுவிட்டு, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். டைனோசர் என்றாலே சினிமாவும் வெள்ளைக்காரரும்தான் என்பது அன்றைய என் எண்ணம். அது தப்பு.

பத்து நாள் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், "டீச்சர், இது இந்திய டைனோசர். பேரிலேயே தாகூர் இருக்கிறார்."

நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தேன், உண்மைதான். பாராபாசாரஸ் தாகோரி. பிராணஹிதா, கோதாவரி ஆறுகளின் பள்ளத்தாக்கில், மகாராஷ்டிரத்தின் சிரோஞ்சா பக்கத்தில் கிடைத்தது. ஆற்றைத் தாண்டினால் தெலங்கானா. மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு தெலுங்கு பேசுகிற ஜனம் நிறைய உள்ள ஊர்ப்பக்கம் அது. கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ் பேசுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் எலும்புகள் 1958-இல் கிடைத்தன. பெரும்பகுதி 1960, 1961-இல் தோண்டி எடுக்கப்பட்டது. 1961 தாகூரின் நூற்றாண்டு, அதனால் அவர் பெயர். நாம் கொடிக்கம்பத்தடியில் 52 விநாடி நின்று பாடுகிற 'ஜன கண மன' யார் எழுதியதோ அவர் பெயர். 'பாரா பா' என்றால் வங்காளத்தில் பெரிய கால். அகப்பட்ட தொடை எலும்பு ஒன்று சுமார் 1.7 மீட்டர் நீளம், அதாவது ஐந்தரை அடி. என் உயரத்தைவிட அதிகம். (என் உயரத்தைப் பிள்ளைகள் ஏற்கெனவே அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.)

1975-இல் நான்கு பேர் சேர்ந்து இதற்கு முறைப்படி பெயரிட்டார்கள்: ஜெயின், குட்டி, ராய் சௌத்ரி, சங்கர் சாட்டர்ஜி. அந்த இரண்டாவது பெயரைப் படித்ததும் வகுப்பே சிரித்ததாம். பெரிய காலுக்குப் பெயர் வைத்தவர்களில் ஒருவர் குட்டி!

என் மனம் மாறியது இதனால் மட்டும் இல்லை. பிள்ளைகளின் நோட்டில் இன்னொரு பக்கத்தில் ஜபல்பூர் என்று எழுதியிருந்தது. அங்கே 1828-இல் ஸ்லீமன் என்ற கிழக்கிந்தியக் கும்பினி ராணுவ அதிகாரி சில எலும்புகளை எடுத்தார். டைனோசர் என்ற சொல்லே அப்போது இல்லை, அது 1842-இல் பிறந்தது. அந்த எலும்புகளுக்கு 1877-இல் லைடெக்கர் என்ற ஆங்கிலேயர் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் சூட்டினார். பிறகு அவை தொலைந்துபோயின. எங்கே என்று யாருக்கும் தெரியாமல் கிடந்து, அதில் ஒரு வால் எலும்பு மட்டும் 2012-இல் கொல்கத்தாவில் மறுபடி அகப்பட்டது. பாராபாசாரஸின் கதை வேறு மாதிரி. கொல்கத்தாவில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம்தான் அதைத் தோண்டியது. கணக்குப் போடுகிறவர்களுக்கு எலும்பில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். மகலனோபிஸ் லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அம்மையாரை வரவழைத்து அங்கே இந்தப் படிப்புக்கு வழி செய்தார். வெள்ளைக்காரர் போன பிறகு, தெரியாததைக் கற்றுக்கொள்ள அவர்களிலேயே ஒருவரை நாமாக அழைத்துக்கொண்டோம். எனக்கு இது கோஷத்தைவிட அழகாகப் படுகிறது. குறைந்தது ஆறு விலங்குகளுடைய முந்நூறு எலும்புகள் போலக் கிடைத்தன. அவற்றைக் கோத்து நிறுத்திய எலும்புக்கூடு இன்றும் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

லக்னோவில் தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது, கல்லாகிப்போன செடிகொடிகளை ஆராய்வது. அதன் அடிக்கல்லையே சாஹ்னி கல்லான செடிப் படிமங்களைப் பதித்துச் செய்திருந்தார். 1949 ஏப்ரல் 3-ம் தேதி நேரு வந்து அதை நட்டார். ஒரு வாரத்தில் சாஹ்னி இறந்துபோனார். சுதந்திரம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். அப்போதும் கல்லில் இருக்கிற இலைக்கு ஒரு கட்டிடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். பாட்டிக்கு நான் சொல்ல விட்டுப்போன பதில் இதுதான்.

சம்மதித்த பிறகுதான் சண்டை தொடங்கியது. பாராபாசாரஸின் மண்டை ஓடு கிடைக்கவே இல்லை, சில பற்கள்தான் கிடைத்தன. அப்படியானால் நம் பொம்மைக்கு எந்தத் தலை? ஒருவன் ஓணான் தலை என்றான். ஒருத்தி ஒட்டகம் என்றாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இதற்கிடையில் தமிழ்நாட்டு டைனோசர்தான் வேண்டும் என்று தனியாக ஒரு கட்சி. அரியலூர்ப் பக்கம் கள்ளமேட்டில் கிடைத்து 1987-இல் அறிவிக்கப்பட்ட பிருகத்காயோசாரஸ், பெயருக்கேற்றபடி மகா உடம்பு. ஆனால் அந்த எலும்புகள் காப்பாற்ற முடியாமல் சிதைந்துபோயின, இன்று கையில் இருப்பது வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான். அதைக் கேட்டதும் அந்தக் கட்சிக்காரர்களின் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

கடைசியில் ஆறாம் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் தீர்ப்புச் சொன்னாள்: "தெரியாத தலையை எதுக்கு வைக்கணும்? தெரிஞ்ச காலை மட்டும் தூக்கிட்டுப் போலாம்." அதனால் பல்லிப் பொம்மை கிடையாது, பாட்டி. ஐந்தரை அடியில் ஒரே ஒரு தொடை எலும்பு, நான்கு பேர் தோளில் வரும். அதன் பின்னால் பதினான்கு மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிற்றைப் பிடித்தபடி மற்றவர்கள் நடப்பார்கள். அந்த விலங்கின் நீளம் ஏறத்தாழ அவ்வளவு, நம் கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸைவிடக் கூடுதல்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை.

முதலில் வயல்காரர்களிடம் மன்னிப்பு. வரப்பைத் தோண்டி ஒரு வீட்டின் சொட்டுநீர்க் குழாயை உடைத்தது நம் பிள்ளைகள்தான். டைனோசர் தேடியிருக்கிறார்கள். கேரளத்தில் கிடைக்காது என்பதை இப்போது வகுப்பில் விளக்கியாகிவிட்டது. நம் காலடியில் இருக்கும் பாறை டைனோசர்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறி இறுகியது. கொல்லம், வர்க்கலைப் பக்கம் கடல் ஒதுக்கிய படிவுகள் உண்டு, அவை டைனோசர்கள் அழிந்ததற்குப் பிந்தியவை. நடுவில் உள்ள பக்கங்கள் நம் புத்தகத்தில் கிழிந்துபோயிருக்கின்றன என்று சொன்னேன், புரிந்துகொண்டார்கள். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்தில் ஜனங்கள் தலைமுறைகளாகக் குலதெய்வமாகக் கும்பிட்டுவந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று 2023-இல் செய்தி வந்தது. அதை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து முனியப்பன் கோயில் பக்கம் சுத்தியலோடு இரண்டு பேர் நடமாடுவதாகத் தகவல். தயவுசெய்து வீட்டுச் சுத்தியலை உயரத்தில் வையுங்கள்.

எலும்பு செய்ய எதையும் கடையில் வாங்க வேண்டாம். மூங்கில் பட்டை, சணல் சாக்கு, பழைய செய்தித்தாள், மைதாப் பசை போதும். தெர்மாகோல் வேண்டாம். செய்தித்தாள் தரும்போது எந்த மொழிப் பத்திரிகை என்று பார்க்க வேண்டியதில்லை, எலும்புக்குள்ளே மலையாளமும் தமிழும் ஒன்றாகத்தான் ஒட்டப்போகிறது. ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கூடவே மழை வேறு. போன வருடம் ஆறாம் வகுப்பு செய்த செங்கோட்டை வேலந்தாவளம் ரோட்டில் பறந்து போய் ஒரு காய்கறி டெம்போவின் மேல் உட்கார்ந்தது. ஆகவே கனமாகவே செய்யட்டும், தூக்குவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

கொடி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். 2002-ம் வருடத்துக் கொடி விதிகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டோம். எலும்பின் மேல் கொடியைச் சுற்றக் கூடாது. கொடியில் எழுதக் கூடாது. இடுப்புக்குக் கீழே உடையாக அணியக் கூடாது. தரையில் படக் கூடாது. சட்டையில் குத்தும் காகிதக் கொடியை ரோட்டில் போட்டுவிட்டு வராமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எலும்புக்குச் சுண்ணாம்பு வெள்ளையும் கொஞ்சம் காவி மண்ணும் மட்டுமே பூசுகிறோம்.

வளைகுடாவிலிருந்து மாமா அனுப்பிய காற்றடைத்த டி. ரெக்ஸ் உடுப்பு ஒரு பிள்ளையிடம் இருக்கிறது. அவனுடைய அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டார். கொடியேற்றத்திலும் ஊர்வலத்திலும் அந்த உடுப்புக்கு அனுமதி இல்லை. உள்ளே விசிறி ஓடுகிற சத்தத்தில் தேசிய கீதம் கேட்காது, வெயில் ஏறினால் பிள்ளை மயங்கிவிடுவான். பாயசம் கொடுக்கும்போது பத்து நிமிடம் போட்டுக்கொள்ளட்டும். விருந்தாளி நாட்டு டைனோசருக்கும் ஒரு டம்ளர் உண்டு.

காலை எட்டரைக்குள் பிள்ளைகள் வந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குக் கொடி. அந்த நேரம் எலும்பு புளியமரத்தடியில் இருக்கும், எல்லோரும் வெறுங்கையோடு நேராக நிற்பார்கள். ஊர்வலம் ஜங்ஷன் வரை போய்த் திரும்பும். பொள்ளாச்சி ரோட்டைக் கடக்கும் இடத்தில் கயிற்றுக்குக் காவலாக நான்கு அப்பாக்கள் தேவை, லாரிக்காரர்கள் பதினான்கு மீட்டரை எதிர்பார்க்க மாட்டார்கள். வர முடிந்தவர்கள் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று, இது என் ஆசை. 1947 ஆகஸ்ட் 15 அன்று நம் சித்தூர்த் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பக்கத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. கேரளம் என்ற மாநிலமே 1956 நவம்பர் ஒன்றில்தான் வந்தது. அந்த முதல் சுதந்திர நாளைச் சின்ன வயதில் பார்த்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் ஒரு ஆட்டோ வைத்து அழைத்து வாருங்கள், காசு நான் தருகிறேன். முன்வரிசையில் நாற்காலி போட்டு வைப்போம். பேச வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் டைனோசர் பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதாவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பதினான்கு மீட்டர் அளக்க எடுத்துப்போன பள்ளிக்கூடத்து அளவு டேப்பை இன்னும் காணோம். முப்பது மீட்டர் டேப், மஞ்சள் உறை. வீட்டில் கட்டிலுக்கு அடியிலோ ஆட்டுக் கொட்டகையிலோ இருந்தால் திங்கட்கிழமை கொடுத்தனுப்பவும். யார் எடுத்தது என்று கேட்க மாட்டேன்.