ஞாயிற்றுக்கிழமை விமானம் பார்க்க வருகிறவர்களுக்கு

வணக்கம். மலேசியாவை நெருங்கிய சீன விமானங்கள் போர் விமானங்கள் என்று நேற்றிரவு நம் குழுவில் ஓடிய விவாதத்துக்கு ஒரு திருத்தம். 2021 மே 31 அன்று மலேசியாவின் சரவாக் மாநிலக் கடற்பகுதிக்கு வந்த 16 சீன விமானங்களும் போர் விமானங்கள் அல்ல. இல்-76, ஒய்-20 ரகச் சரக்கு விமானங்கள். லபுவான் தீவிலிருந்து பறந்த நம் மலேசிய விமானப்படையின் ஹாக் 208 இலகு ரகப் போர் விமானங்கள்தாம் அவற்றை நேரில் பார்த்து அடையாளம் கண்டன. இப்படி இடைமறிப்பது என்றாலே சுடுவது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் பக்கத்தில் பறந்து, என்ன ரகம், யாருடையது என்று பார்த்துப் படம் எடுப்பதுதான். கிட்டத்தட்ட நம் வேலையேதான்!

சரி, காலை 8 மணிக்குப் பட்டர்வொர்த் ஃபெரி முனையம். விமானப்படைத் தளத்தின் வேலியோரம் கேமராவோடு நிற்க வேண்டாம். அங்குள்ள ஹார்னெட் போர் விமானம் பறந்தால் அதிர்ஷ்டம். வருகிறவர்கள் சனி இரவுக்குள் சொல்லிவிடுங்கள், ரொட்டி சானாய் என் செலவு.