இரவு 3 மணிக்கு வந்த உன் செய்தி

அன்பு மகளுக்கு,

நேற்றும் இரவு 3 மணிக்குத்தான் உன் செய்தி வந்தது. தூக்கமின்மைக்கான சிகிச்சைக்கு நேரில் போவதா, ஆன்லைனிலேயே பார்த்துக்கொள்வதா என்று கேட்டிருந்தாய்.

மனச்சோர்வு விலகினால் தூக்கம் தானாக வந்துவிடும் என்று நானும் காத்திருந்தவள்தான். மனம் தேறியது, தூக்கம் வரவில்லை. தூக்கமின்மைக்கென்றே சிபிடி-ஐ என்று ஒரு சிகிச்சை இருக்கிறது; தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை அது. மாத்திரைக்கு முன் இதைத் தொடங்கச் சொல்லி அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இலேயே பரிந்துரைத்தது.

படுக்கையில் 8 மணி நேரம் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினேன் என்று என் தூக்கக் குறிப்பேடு காட்டியது. சரி, இனி 1 மணிக்குப் படுங்கள், ஆறரைக்கு எழுந்துவிடுங்கள் என்றார் சிகிச்சையாளர். நடுவில் விழித்துத் தூக்கம் திரும்ப வரவில்லை என்றால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். போர்வையைச் சுற்றிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ இரவு அழுதிருக்கிறேன். தூக்கம் கூடிய பிறகு, படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவந்தார்.

இதையெல்லாம் ஆன்லைனிலும் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 1,149 பேரை வைத்து நடந்த ஆய்வில், பாதிப் பேருக்கு இதை இணையம் வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கமும் தேறியது, மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. ஆனால் அவர்களுக்கு இருந்தது லேசான மனச்சோர்வு. உனக்கோ காலையில் பல் தேய்க்கவே மனம் வருவதில்லை. செயலி கேட்கும் கேள்விகளுக்கு நான்கு நாள் பதில் எழுதுவாய், ஐந்தாம் நாள் மூடிவைத்துவிடுவாய். ஏன் வரவில்லை என்று அது கவலைப்படாது.

வீடியோவில் ஒரு மனிதர் பேசுவது அப்படியல்ல, அது நல்ல வழிதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வீடியோவில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. மடியில் நகத்தைச் சுற்றி ரத்தம் வரும்வரை பிய்த்துக்கொண்டிருந்ததை, நேரில் போன அன்றுதான் அவர் பார்த்தார். அதற்கப்புறம்தான் பேச்சே வேறு பக்கம் திரும்பியது.

அதனால் முதல் இரண்டு மூன்று அமர்வுக்கு நேரில் போ. அப்புறம் வீடியோவில் தொடரலாம். சாப்பிடுகிற மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தூங்காமலே உற்சாகமாகத் திரிந்த நாட்கள் உண்டென்றால் முதலிலேயே சொல்லிவிடு, அப்படிப்பட்டவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்து. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அமர்வு வரட்டும் என்று காத்திருக்காதே, அவசர உதவியைக் கூப்பிடு, என்னையும் எழுப்பு. எந்நேரமானாலும் சரி.

முதல் நாள் நானும் வருகிறேன், வெளியே உட்கார்ந்திருக்கிறேன். தேதியை மட்டும் சொல்.

அம்மா