கற்றுக்கொடுப்பதும் சிகிச்சைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா போன்று வாழ்நாள் முழுவதும் உடன் வரும் நோய்கள் என்றாலே நம் பேச்சு புதிய மருந்துகளையும் பரிசோதனைகளையும் சுற்றியே வருகிறது. நோயாளிக்குத் தன் நோயைப் பற்றிக் கற்றுக்கொடுப்பதையும் சிகிச்சையாகவே கருத வேண்டும் என்பதைப் பதினாறு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இன்சுலின் தொடங்கிய அன்று, ஊசி போடும் முறையை இரண்டே நிமிடங்களில் காட்டி அனுப்பிவிட்டார்கள். இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைய பதற்றத்தில் என் காதில் ஏறியிருக்காது. தொப்புளுக்கு வலப்புறம் ஓரிடத்தில் குத்தினால் வலிப்பதில்லை என்று கண்டுகொண்டு, நான்கு ஆண்டுகள் அங்கேயே போட்டுவந்தேன். சர்க்கரை ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும். இன்சுலின் அளவு மட்டும் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் ஒரு செவிலியர் சட்டையை உயர்த்தச் சொல்லி, விரலால் அழுத்திப் பார்த்து, அங்கே கொழுப்பு மேடாகத் தடித்திருப்பதை என் விரலையே வைத்து உணரச் செய்தார். வலி தெரியாமல் இருந்ததும், மருந்து சீராக உடலில் சேராமல் போனதும் அதனால்தான். இடத்தை மாற்றியதும் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடாதிருக்க, மருத்துவர் இன்சுலினைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

மற்ற நோய்களிலும் இதே கதைதான். நாள்தோறும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை மூச்சு முட்டும்போது மட்டும் தேடுபவர்கள் உண்டு. இரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு, அது சரியானதே அந்த மாத்திரையால்தான் என்பதை அறியாமல். நீடித்த நோய் உள்ளவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 விழுக்காட்டினர்தான் சிகிச்சையைச் சொன்னபடி பின்பற்றுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் தெரிவித்தது. நோயாளிகள் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது எளிது. புரியும்படி சொல்லப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

ஆண்டின் 8,760 மணி நேரத்தில் மருத்துவரின் எதிரே நாம் அமர்ந்திருப்பது சில மணி நேரம்கூட இராது. மீதி நேரமெல்லாம் முடிவெடுப்பது நாமே. ஆனால் கற்பித்தல் என்றதும் துண்டறிக்கை ஒன்றைக் கையில் திணிப்பதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர், நீடித்த நோயுள்ளவர்கள் தம் நோயைத் தாமே கையாளக் கற்பதற்காக உருவாக்கிய பயிற்சி ஆறு வாரங்கள், வாரம் இரண்டரை மணி நேரம் நடப்பது. நடத்துபவர்களில் பலர் தாங்களே நீடித்த நோயோடு வாழ்பவர்கள். அவ்வளவு விரிவாக முடியாவிட்டாலும், சொன்னதை நோயாளியையே திரும்பச் சொல்லவும் செய்துகாட்டவும் வைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். ஒருமுறை சொன்னால் மறந்துபோகும் என்பதால் அதை அவ்வப்போது திரும்பச் செய்யவும் வேண்டும். கற்பித்தல் மருந்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. கொடுத்த மருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் ஆளும் நேரமும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த நான்கு ஆண்டுகளில் என் இரத்தத்தை எத்தனையோ முறை சோதித்தார்கள். "ஊசியை எங்கே போடுகிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டவர் அந்தச் செவிலியர் ஒருவர்தான்.

இப்படிக்கு,
நீரிழிவு உள்ள வாசகர் ஒருவர்