ஒன்றரைக் கட்டை

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே நலமாயிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறோம். தோகாவில் நீங்கள் கூடும் தமிழ்ச் சபையில் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்க உன்னைக் கேட்டார்கள் என்றும், அப்பாவைப் போல வாசிக்க வராது, கைப்பழக்கமும் விட்டுப்போயிற்று என்று சொல்லி நீ மறுத்துவிட்டாய் என்றும் அம்மா சொன்னாள். போனில் பேசினால் பேரன் குறுக்கே வருவான், உனக்கும் டியூட்டிக்கு நேரமாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவைப் போல என்று நீ சொன்னதுதான் என்னை எழுதவைத்தது. நம் ஊர்க் கோவிலில் ஆர்மோனியத்தில் நான் என்ன வாசித்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. அரிசி ஆலையில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். சனிக்கிழமை மாலை பாடகர் குழுவுக்குப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கூடுதலாக மாலைக் கூட்டங்கள், டிசம்பர் மாதம் முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பாடும் கீத பவனி, இவற்றோடு ஊரில் நடக்கும் திருமணங்களும் அடக்க ஆராதனைகளும் என்று 44 ஆண்டுகள் ஓடிவிட்டன. மேடைக் கச்சேரி செய்ததில்லை, கேசட் போட்டதில்லை, சங்கீதத்தை முறையாகப் படித்ததும் இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மிஷன் பள்ளியில் இருந்த பெரிய வாத்தியார். முதல் ஆறு மாதம் அவர் என்னை வாசிக்கவே விடவில்லை. கோவிலில் இருந்த, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தின் பலகையைக் கழற்றி, ஓசை எழுப்பும் பித்தளை ரீடுகளை ஒவ்வொன்றாக உருவித் துடைக்கச் சொன்னார். தேரிக்காட்டுச் செம்மண் தூசி ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் புகுந்தால் சுரம் ஊமையாகிவிடும். மெல்லிய தாளை உள்ளே விட்டு இழுத்து அதை எடுக்க வேண்டும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். அதிகமாகச் சுரண்டிவிட்டால் ரீடு போயிற்று. இதையெல்லாம் செய்த பிறகுதான், எந்தச் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்பது என் காதில் ஏறியது.

1982-இல் அவர் படுத்துவிட்டார். அந்த ஆண்டு பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் நான் தனியாக உட்கார்ந்தேன். எனக்கு 23 வயது. நம் சபையார் தலைமுறை தலைமுறையாக ஒன்றரைக் கட்டையில் பாடிவந்த கீர்த்தனையை, எடுப்பாக இருக்கும் என்று எண்ணி, மூன்று கட்டையில் தொடங்கினேன். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாம் சொல்லும் அளவு, எண் கூடக்கூடச் சுருதி ஏறும். பல்லவி போயிற்று, அனுபல்லவியும் போயிற்று. சரணத்தில் பாட்டு மேல் சட்ஜமத்தைத் தாண்டிக் காந்தாரத்துக்கு ஏறும் இடத்தில் ஆண்கள் பக்கம் ஓய்ந்தது. அடுத்த சரணத்தில் பெண்கள் பக்கமும் ஓய்ந்தது. கடைசியில் பாடகர் குழுவின் எட்டுப் பேரும் நானும் மட்டுமே பாடிக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் பாடினோம், ஆனபடியால் என்ன நடந்தது என்பதே எனக்குத் தெரியவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, பனையேறியான கணவர் அதற்கு முந்தின ஆண்டுதான் பனையிலிருந்து விழுந்து இறந்துபோயிருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, இன்னைக்கு எங்களைப் பாட விடலியே" என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை, ஏக்கமாகச் சொன்னார்கள். துக்கத்தை இறக்கிவைக்க வந்தவர்களின் வாயை நான் அடைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் என் குரலுக்காகவோ என் கைக்காகவோ நான் தொடங்கியதில்லை.

நீ சிறுமியாக இருந்தபோது, ஆர்மோனியம் நல்ல வாத்தியம் இல்லையாமே என்று பள்ளியிலிருந்து வந்து கேட்டாய். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நம் இராகங்களுக்கு உயிரான கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துக் குழைப்பதை, அது பிடிக்காது என்பது உண்மை. அகில இந்திய வானொலியே 1940-இல் அதை விலக்கிவைத்து, 1971-க்குப் பிறகுதான் தடையைத் தளர்த்தியது. தனியாகப் பாடுகிறவருக்கு அந்தக் குறை பெரிய குறைதான். ஆனால் ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையுமாக முந்நூறு பேர், ஒத்திகை இல்லாமல், ஒரே நேரத்தில் வாய் திறக்கும்போது, சுருதி இன்னது என்று அசையாமல் பிடித்துக்கொடுக்க ஒன்று வேண்டும். குழைவைச் சபையாரே சேர்த்துக்கொள்வார்கள். நீ வாசிக்கப்போகும் கீபோர்டுக்கும் அதுவே வேலை.

பெரிய வாத்தியார் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றி அடிக்கடி சொல்வார். தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர். தஞ்சாவூரில் சித்த மருத்துவம் செய்து ஈட்டிய பொருளைக்கொண்டே இசை மாநாடுகளைக் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவருடைய புலமையில் ஆயிரத்தில் ஒரு பங்கும் நமக்கில்லை. ஆனாலும் பகலெல்லாம் மருந்து அரைத்துவிட்டு இரவில் சுருதியை ஆராய்ந்தவர் ஒருவர் நம் சீமையில் பிறந்திருக்கிறார் என்ற எண்ணம், நெல் மூட்டைக் கணக்கை மூடிவைத்துவிட்டுக் கோவிலுக்கு நடக்கும்போது எனக்குத் துணையாக வந்திருக்கிறது. நீயும் இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவள் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ நர்சிங் படிக்கப் போயிருந்த காலத்தில், புதுக் கீபோர்டு வாங்கி, சம்பளத்துக்கு ஒரு தம்பியை அமர்த்தினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது என் இடத்தில் அவர் இருந்தார். மூன்று ஆண்டுகள் நான் சபையாரோடு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். முதல் சில மாதங்கள் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்திருப்பேனே தவிர வாய் திறந்ததில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவர்களின் குரல் காதில் விழத் தொடங்கியது. ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்த அத்தனை ஆண்டுகளும் எனக்குக் கேட்டது ஒரே ஓசைதான். அதற்குள் இருந்து கேட்டபோது, எழுத்து வாசிக்கத் தெரியாத ஒருவர் ஏழு சரணங்களையும் மனப்பாடமாகப் பாடுவதும், ஒரு தாய் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் எப்போதும் நிறுத்திவிடுவதும், மூச்சு வாங்கும் முதியவர்கள் அடியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருப்பதும் தெரிந்தன. அந்தத் தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து என்னை மறுபடி அழைத்தபோது, அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு மூச்சளவு அதிகம் விட்டு வாசிக்கத் தொடங்கினேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் கடைசிச் சொற்கள் கேட்கத் தொடங்கின.

உன் சபையில் நாகர்கோவில்காரர் இருப்பார், வேலூர்க்காரர் இருப்பார், சென்னைக்காரர் இருப்பார். ஒரே கீர்த்தனையை ஒவ்வொருவரும் தம் ஊர் வளைவோடு பாடுவார்கள். புத்தகத்தில் பாட்டின் தலையில் அச்சிட்டிருக்கும் இராகத்தைக் காட்டி யாரையும் திருத்தாதே. முதல் இரண்டு வாரம் பல்லவியை மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொடுத்துவிட்டு, அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கேள். வீட்டை விட்டு அத்தனை தூரம் வந்து வேலைசெய்கிறவர்களுக்குத் தாய்மொழியில் வாய்விட்டுப் பாடக் கிடைப்பது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான்.

எந்தப் பாட்டு எந்தக் கட்டை என்று நான் குறித்துவைத்திருக்கும் நீல அட்டை நோட்டை அம்மா பார்த்துப் பார்த்துப் படியெடுத்து முடித்துவிட்டாள். அடுத்த மாதம் ஊருக்கு வந்து திரும்பும் உன் சிநேகிதியிடம் கொடுத்துவிடுகிறோம். அடித்துத் திருத்திய இடங்களையும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். 1982-இல் மூன்று என்று எழுதி அடித்த பக்கமும் அதில் இருக்கிறது. எல்லாம் நம் ஊர்க் குரலுக்குப் போட்ட கணக்கு. உன் சபைக்கு அரைக் கட்டை ஏறலாம், இறங்கலாம்.

நாளைக்கே அவர்களிடம் போய் வாசிக்கிறேன் என்று சொல்லிவிடு. முதல் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும், எந்தக் கட்டையில் தொடங்கினாய், சரணத்தில் எத்தனை பேர் உடன் வந்தார்கள் என்று எனக்கு எழுது.

உன் அன்பு அப்பா