பார்மசி கவுண்டருக்கு அங்கால நிக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை பக்கம் பார்மசி வச்சிருக்கிற முதலாளிமாருக்கும், காலமை எட்டில இருந்து ராவு பத்து மட்டும் கவுண்டரில நிண்ட நிலையில வேலை செய்யுற தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நான் டொக்டர் இல்ல, நேர்ஸும் இல்ல, கணக்கு எழுதுற ஒபிஸ் ஒண்டில வேலை. உங்கள்ல சில பேருக்கு என்ட முகம் தெரிஞ்சிருக்கும், மாசம் ஒருக்கா மாமாவின்ட துண்டைக் கொண்டு வந்து சீனிக்கு மெட்ஃபோமின், பிரஷருக்கு லோசார்டன் எண்டு ஒரு பையோட வாங்கிட்டுப் போற ஆள். முதல்ல இத சுகாதார அமைச்சுக்கு எழுதுவம் எண்டு தான் இருந்தனான். பிறகு பார்த்தா, காய்ச்சல் வந்தா எங்கட சனம் அமைச்சுக்குப் போறதில்ல, டொக்டரிட்டயும் உடன போறதில்ல, ரோட்டுக்கு இறங்கி உங்களிட்ட தான் வருது. "தம்பி, தடிமன் காய்ச்சலுக்கு ஏதாவது தாங்கோ." அதால தான் உங்களுக்கு எழுதுறன்.

நடந்ததை முதல்ல சொல்லுறன். 2021 ஆகஸ்ட், கொரோனாவின்ட டெல்டா அலை, 20 ஆம் திகதி ராவு பத்து மணியோட நாட்டையே பூட்டின அந்தக் கிழமை. மாமாவுக்கு அப்ப 63 வயசு, பதினைஞ்சு வருசமா சீனி வருத்தம், பிரஷர், வண்டியும் கொஞ்சம் முன்னுக்கு. காய்ச்சல் தொடங்கி மூண்டாம் நாள் பார்மசிக்குப் போனது நான் தான். எந்தப் பார்மசி எண்டு சொல்ல மாட்டன், அது இப்ப முக்கியமில்ல. ஷட்டரைப் பாதி திறந்து குறுக்கால கயிறு கட்டி வச்சிருந்தவை, கயிறுக்கு இங்கால நிண்டு மாஸ்க்குக்குள்ளால கத்திச் சொன்னன். உள்ளுக்கு நிண்டவர் நல்ல மனுசன், அதில எனக்கு சந்தேகமே இல்ல, எங்களுக்கு உதவி செய்யத் தான் பார்த்தவர். ரெண்டு கார்ட் பனடோல், அசித்ரோமைசின் எண்ட அன்டிபயோட்டிக், பிறகு ஒரு சின்ன பேப்பர் என்வலப்பில பொடி வெள்ளைக் குளிசை. "ஆஸ்பத்திரியில குடுக்கிறதும் இது தான் அண்ணா, முந்தியே தொடங்கினா நல்லம்" எண்டவர். என்வலப்பில மருந்தின்ட பேர் இல்ல, காலை, இரவு எண்ட இடத்தில பேனையால ரெண்டு கோடு மட்டும். அது டெக்ஸாமெதசோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை எண்டு எனக்குத் தெரிய வந்தது அஞ்சு நாள் கழிச்சு, வார்ட்டில இருந்த டொக்டர் சொல்லி நான் பார்மசிக்கு கோல் எடுத்துக் கேட்டாப் பிறகு.

குளிசை போட்ட அடுத்த நாளே காய்ச்சல் விட்டுது. மாமா சோறு கேட்டுச் சாப்பிட்டார், போன்ல எல்லாரோடயும் கதைச்சார், வீடே சந்தோஷம். சீனி பார்க்கிற மெஷின் அலுமாரிக்குள்ள இருந்தது, ஒருத்தரும் எடுக்கேல்ல. எட்டாம் நாள் பின்னேரம் மாமி பக்கத்து ப்ளாட்டில இருந்து விரல்ல மாட்டுற ஒக்சிஜன் மெஷினை இரவல் வாங்கி மாட்டினா 84 காட்டுது. ஆள் சாரத்தோட கதிரையில இருந்து பிளேன்டீ குடிச்சுக்கொண்டு நியூஸ் பார்க்கிறார், மெஷின் பிழை எண்டு சிரிக்கிறார், மாமி தன்ட விரல்ல மாட்டினா 98, திருப்பி அவருக்கு மாட்டினா 84, பிறகு 83. மூச்சு முட்டுதா எண்டு கேட்டா "ஒண்டுமில்ல, கொஞ்சம் களைப்பு" எண்டு சொல்லுறார். 1990 அம்புலன்ஸ் வந்து தான் கொண்டு போனது. ஆஸ்பத்திரியில சீனி பார்த்தா 412.

பத்தொன்பது நாள். திரும்பி வந்துட்டார், அது எங்கட அதிர்ஷ்டம். ஆனா இண்டைக்கும் லிப்ட் வேலை செய்யாட்டி ரெண்டாம் மாடியில ஒருக்கா நிண்டு கம்பியைப் பிடிச்சு மூச்சு வாங்கிட்டுத் தான் மூண்டாம் மாடிக்கு ஏறுறார்.

அதுக்குப் பிறகு நான் வாசிக்கத் தொடங்கினன், நித்திரை வராத ராவுகள்ல வேற என்ன செய்யுறது. வூஹான்ல ஆரம்பத்திலயே 201 பேரை வச்சு ஒரு ஆய்வு செய்திருக்கினம், 2020 மார்ச்சில வந்தது. அதில 84 பேருக்கு நுரையீரல் மோசமாப் பழுதாகி மூச்சே எடுக்க ஏலாத நிலை வந்தது, அந்த 84 பேரில 44 பேர் செத்துப் போச்சினம். ஆருக்கு அப்பிடி வந்தது எண்டு பார்த்தா வயசு கூடின ஆக்கள், சீனிக்காரர், பிரஷர்காரர். அந்த 84 பேரில 16 பேருக்கு சீனி, அப்பிடி வராத 117 பேரில 6 பேருக்கு மட்டும் தான் சீனி. இரத்தத்தில எல்டிஎச் (உடம்புக் கலங்கள் பழுதானா கூடுறது), டி-டைமர் (இரத்தம் கட்டினா கூடுறது) எண்டு ரெண்டு சாமான் கூடியிருந்த ஆக்களுக்கும் ஆபத்து கூட. இன்னொண்டும் அதில இருந்திச்சு, 39 பாகைக்கு மேல காய்ச்சல் அடிச்ச ஆக்களுக்கு நுரையீரல் பழுதாகிறது கூடவாம், ஆனா சாவு குறைவாம். எனக்கு அது விளங்கவே கன நாள் எடுத்தது, உடம்பு சண்டை பிடிக்கிறதோட ஏதோ சம்பந்தம் இருக்கும் போல. இங்கிலாந்தில ஒரு கோடி எழுபது லட்சம் பேரின்ட மருத்துவப் பதிவை வச்சு 2020 இல பார்த்தவை, அதிலயும் முதல் இடம் வயசுக்குத் தான், பிறகு ஆம்பிளையள், கட்டுப்பாட்டில இல்லாத சீனி, உடம்பு கூடின ஆக்கள், கிட்னி வருத்தம், கென்சர், உறுப்பு மாத்தின ஆக்கள் எண்டு போகுது. கர்ப்பிணிப் பெண்களுக்கும், அதுவும் கடைசி மாசங்கள்ல, கவனம் வேணும்.

இப்ப நான் சொல்ல வந்தது. இந்த லிஸ்ட்டை ஒருக்கா திருப்பி வாசிச்சுப் பாருங்கோ. இது உங்கட கவுண்டரில கிடக்கிற லிஸ்ட். எந்த ப்ளாட்டில ஆருக்கு இன்சுலின், ஆர் மாசாமாசம் முட்டுக்கு பஃப் வாங்குறது, எந்த ஐயா கிட்னி மாத்திட்டு நோய் எதிர்ப்பைக் குறைக்கிற குளிசை போடுறார், எந்த அக்கா மூட்டு வருத்தத்துக்கு வருசக்கணக்கா ப்ரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் எடுக்கிறா, இதெல்லாம் உங்களுக்குப் பாடம். ஆஸ்பத்திரியில ஒரு புது டொக்டருக்கு எங்களை வார்ட்டில கண்டாப் பிறகு தான் தெரியும், உங்களுக்கு நாங்கள் படியேறும்போதே தெரியும். எங்கட பிள்ளையளுக்குக் கூட அவ்வளவு தெரியாது. மாமாவுக்கு சீனி எண்டு அண்டைக்கு குளிசை தந்தவருக்குத் தெரியும், மெட்ஃபோமின் அவரிட்டத் தான் வாங்கிறனாங்கள். கயிறுக்கு அங்கால மாமாவின்ட சீனியையும் அந்த வெள்ளைக் குளிசையையும் ஒண்டா வச்சு யோசிக்க ஒரு நிமிசம் கிடைக்கேல்ல, அவ்வளவு தான்.

எங்கட ஆக்களுக்கு இன்னும் ரெண்டு விசயம் கூடுதலா இருக்கு. ஒண்டு வண்டி. வெள்ளைக்காரருக்கு வச்ச கணக்கு எங்களுக்குச் சரிவராது, தெற்காசிய ஆம்பிளைக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டர், பொம்பிளைக்கு 80, அதுக்கு மேல போனா ஆபத்து எண்டு தான் கணக்கு, அந்த அளவில பார்த்தா காலமை கடற்கரையோரம் நடக்கிற ஆக்கள்லயே பாதிப்பேர் தாண்டிட்டினம். மற்றது பரம்பரை. 2021 நவம்பர்ல ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில கண்டுபிடிச்சவை, ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கிற ஆக்களுக்கு கொரோனாவில நுரையீரல் கைவிடுற ஆபத்து இரட்டிப்பாம், ஐரோப்பியரில அது நூற்றுக்கு 15 பேரிட்ட, தெற்காசிய வழி வந்தவையிட்ட நூற்றுக்கு 60 பேரிட்ட. தடுப்பூசி போட்டா அவைக்கும் பாதுகாப்பு இருக்கு எண்டும் அவையே தான் சொன்னவை, அதால ஆரும் உடன விதி எண்டு கையை விரிக்காதீங்கோ.

இனி அந்த வெள்ளைக் குளிசை. இதில நான் கொஞ்சம் சூடாத் தான் கதைப்பன். டெக்ஸாமெதசோன் நல்ல மருந்து, மாமாவைக் காப்பாத்தினதிலயும் அதுக்குப் பங்கு இருக்கு, ஆஸ்பத்திரியில ஒக்சிஜன் வச்சாப் பிறகு அதையே தான் குடுத்தவை. 2020 ஜூன்ல பிரிட்டன்ல செய்த பெரிய ஆய்வில வென்டிலேட்டரில இருந்த ஆக்களுக்குச் சாவு மூண்டில ஒண்டு குறைஞ்சது, ஒக்சிஜன் மட்டும் வச்ச ஆக்களுக்கு அஞ்சில ஒண்டு குறைஞ்சது. ஆனா ஒக்சிஜன் தேவைப்படாத ஆக்களுக்கு ஒரு நன்மையும் இல்ல, குளிசை குடுத்த பக்கம் சாவு எண்ணிக்கை கொஞ்சம் கூடத் தான் இருந்தது. முதல் கிழமை வைரஸ் பெருகுற கிழமை, உடம்பு அதோட சண்டை பிடிக்க வேணும், அந்த நேரம் இதைக் குடுத்தா சண்டை பிடிக்கிறவன்ட கையைக் கட்டினது போல. ரெண்டாம் கிழமை தான் உடம்பின்ட சண்டையே எல்லை மீறி நுரையீரலை எரிக்கத் தொடங்குது, அப்ப தான் இந்தக் குளிசைக்கு வேலை. சீனிக்காரருக்கு வேற சீனியை எங்கயோ ஏத்தி விடும். காய்ச்சலையும் மறைக்கும், வீட்டில எல்லாரும் சுகமாயிட்டுது எண்டு ஏமாறுவினம், நாங்கள் ஏமாந்த மாதிரி.

"நாங்கள் குடுக்காட்டி பக்கத்துக் கடையில வாங்குவினம்" எண்டு சொல்லுவீங்கள், தெரியும். உண்மை தான். அதால தான் ஒருத்தருக்கு எழுதாம எல்லாருக்கும் சேர்த்து எழுதுறன். அசித்ரோமைசினும் அப்பிடித் தான், கொரோனாவுக்கு அது பிரயோசனமில்ல எண்டு ஆய்வு செய்து காட்டி கன காலம், இன்னும் கேட்டு வாங்குற ஆக்கள் இருக்கினம்.

அப்ப என்ன செய்யுறது? எனக்குத் தெரிஞ்ச அளவில, நாலு கேள்வி. காய்ச்சல் தொடங்கி எத்தினையாவது நாள், ஆருக்கு, எத்தினை வயசு, வேற என்ன மருந்து எடுக்கிறவர். நாள் கணக்கு சரியான முக்கியம், ஏனெண்டா மூச்சுப் பிரச்சினை கூடுதலா அஞ்சாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில தான் தலை காட்டுது, சனம் அஞ்சாம் நாளோட சுகம் எண்டு பனடோலை நிப்பாட்டிட்டு எழும்பித் திரியிற நேரம் அது. அறுபது தாண்டின, சீனி இருக்கிற ஒரு ஆள் எண்டா "அன்டிஜன் ஒண்டு செய்து பாருங்கோ, சீனியை ரெண்டு நேரமும் பாருங்கோ, விரல்ல மெஷினை மாட்டிப் பாருங்கோ" எண்டு சொன்னாக் காணும், அவ்வளவும் சொல்ல அரை நிமிசம்.

மெஷினைப் பற்றியும் விக்கும்போதே சொல்லி விடுங்கோ. நகப் பொலிஷ் இருக்கக் கூடாது, கை குளிரா இருக்கக் கூடாது, இலக்கம் ஒரு இடத்தில நிக்கிற மட்டும் பொறுக்க வேணும். 95 க்கு மேல நல்லம், 94 க்கு கீழ போனா வீட்டில வச்சிருக்கிறேல்ல. கறுத்த தோலுக்கு மெஷின் சில நேரம் உள்ளதை விடக் கூட்டிக் காட்டும், அதால 94, 95 எண்டு காட்டினா எங்கட ஆக்களுக்கு அதுவே நிம்மதி இல்ல. இருந்த இடத்தில நல்லாக் காட்டினாலும் அறைக்குள்ள ஒரு நிமிசம் நடந்துட்டுப் பார்த்தா மூண்டு புள்ளி இறங்குதா, அதுவும் சிவப்பு விளக்குத் தான். மூச்சு முட்டினா வாறம் எண்டு மட்டும் ஆரையும் இருக்க விட வேண்டாம். மூச்சு முட்டுற மாதிரி மூளைக்குச் சொல்லுறது கூடுதலா காபனீரொட்சைட்டு, அது பழுதான நுரையீரலாலயும் லேசா வெளிய போயிடும், ஒக்சிஜன் உள்ளுக்குப் போகாட்டியும் ஆள் பிளேன்டீ குடிச்சுக்கொண்டு இருப்பார்.

இப்ப ஒருத்தரும் டெஸ்ட் செய்யுறதில்ல, கொரோனாவா ஃப்ளூவா எண்டும் தெரியாது, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுட்டு ஒபிசுக்குப் போறம். முக்கால்வாசிப் பேருக்கு அது போதும், நானும் அப்பிடித் தான். நான் கேக்கிறது மிச்சக் கால்வாசிப் பேருக்காக, அவையின்ட பேரும் குளிசையும் தெரிஞ்ச ஆக்கள் நீங்கள் எண்டபடியால.

மாமாவுக்கெண்டு பிறகு வாங்கின ஒக்சிஜன் மெஷின் ஒண்டு எங்கட லாச்சிக்குள்ள சும்மா கிடக்கு. வெள்ளவத்தையில ஆராவது கவுண்டரில வச்சு வாற ஆக்களுக்கு ஓசியில மாட்டிப் பார்க்க விடுவீங்கள் எண்டா கொண்டு வந்து தாறன். ட்ரிபிள் ஏ பற்றி ரெண்டு போகும், அதுவும் நானே மாத்தித் தாறன், மாசம் ஒருக்கா எப்பிடியும் மாமாவின்ட துண்டோட வாற ஆள் தானே.